கழுதை தேயும் தேசங்கள், பெருகும் தேசங்கள்

உலகத்தில் இன்று ஏறத்தாழ 5 கோடிக் கழுதைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்காவில். எத்தியோப்பியாவில் மட்டும் ஒரு கோடியை ஒட்டிய எண்ணிக்கை. அதற்கடுத்து சூடானில் சுமார் 75 லட்சம், பாகிஸ்தானில் 60 லட்சம், சாட் நாட்டில் 30 லட்சத்துக்கு மேல். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் தேறியவை 1,24,000. மக்கள்தொகையோடு சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். எத்தியோப்பியாவில் சுமார் 13 பேருக்கு ஒரு கழுதை. பாகிஸ்தானில் 40 பேருக்கு ஒன்று. இந்தியாவில் 11,000 பேருக்கு ஒன்று.

இந்த எண்களைக் கொஞ்சம் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மாடும் எருமையும் பால் கணக்கில் வரும், ஆடும் கோழியும் இறைச்சிக் கணக்கில் வரும். கழுதை தருவது உழைப்பு. அதைப் பெரும்பாலான நாடுகளின் வருமானக் கணக்கில் எழுதுவதில்லை. தடுப்பூசி போட வருகிறவர்கள் கழுதையைத் தேடி வருவதில்லை என்பதால் பதிவேட்டிலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை. பல நாடுகளின் எண்ணிக்கை பழைய கணக்கை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். மெக்சிகோவை எடுத்துக்கொள்ளலாம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் அட்டவணையில் அந்த நாட்டுக்கு 30 லட்சத்துக்கு மேல் கழுதைகள் உண்டு. அந்த நாடே எடுத்த வேளாண் கணக்கெடுப்புகளிலோ சில லட்சங்கள்தான் தெரிகின்றன. ஆனாலும் எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

வறண்ட நிலத்தின் விலங்கு

கழுதை எங்கே மிகுதி, எங்கே குறைவு என்பதைத் தீர்மானித்த முதல் காரணம் மழை. 2022-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, உலகின் எல்லா வீட்டுக் கழுதைகளும் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே முறை பழக்கப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவை என்று காட்டியது. பசுமையாக இருந்த சஹாரா வறளத் தொடங்கிய காலம் அது. புல்லும் தண்ணீரும் விலகிப் போகப்போக, மனிதர்கள் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. அந்த நடைக்குத் துணையாகப் பிடிக்கப்பட்டது காட்டுக் கழுதை. எகிப்தின் அபிடோசில், தொடக்ககால அரசர் ஒருவரின் அடக்கத் தலத்துக்கு அருகே பத்துக் கழுதைகள் முறையாகப் புதைக்கப்பட்டிருந்ததை அகழாய்வாளர்கள் கண்டெடுத்தனர். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அரசனுக்கு அருகில் இடம் பெற்ற விலங்கு அது. முதுகெலும்புகளில் பொதி சுமந்த தேய்மானம் தெரிந்தது.

உடல் எடையில் முப்பது விழுக்காடு அளவுக்கு நீரை இழந்தாலும் கழுதை தாங்கும்; தண்ணீர் கண்டதும் சில நிமிடங்களில் குடித்து ஈடுகட்டிவிடும். மாடு முகர்ந்துவிட்டுப் போகும் காய்ந்த தாளையும் முள்ளையும் தின்று செரிக்கும். ஆனால் ஓயாத ஈரத்தை அதனால் தாங்க முடியாது. பாலைநில மயிர் மழைநீரை வடியவிடாது. குளம்பு ஊறி நோய் பிடிக்கும். அதனால்தான் காங்கோவின் மழைக்காடுகளில் கழுதை இல்லை. அங்கே செட்சி ஈ பரப்பும் நோயும் கால்நடைகளை விட்டுவைப்பதில்லை. நைஜீரியாவின் வறண்ட வடக்கில் கழுதை உண்டு, ஈரமான தெற்கில் அரிது. தென்கிழக்கு ஆசியா ஏறத்தாழ முழுவதும் கழுதை இல்லாத நிலம். செனகலில் தொடங்கி மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர், சாட், சூடான், எத்தியோப்பியா என்று சஹாராவின் தென்விளிம்பை ஒட்டிச் செல்லும் கோடுதான் உலகின் பெரிய கழுதை நாடு.

அந்தக் கோட்டின் கிழக்கு முனையில் இருக்கிறது எத்தியோப்பியா. மேட்டுநிலக் கிராமங்களுக்குச் சாலை போடுவது அங்கே எளிதல்ல. கிணற்றிலிருந்து தண்ணீர், மலையிலிருந்து விறகு, களத்திலிருந்து தானியம், சந்தைக்கு மூட்டை என்று எல்லாம் கழுதை முதுகில் போகின்றன. தலைநகர் அடிஸ் அபாபாவின் மெர்காட்டோ சந்தைக்குள் லாரிகளுக்கு நடுவே தானிய மூட்டை சுமந்த கழுதைகள் வரிசையாக நுழைவது இன்றும் காணும் காட்சி. கழுதை இருக்கும் வீட்டில் தண்ணீர்க் குடம் பெண்ணின் முதுகிலிருந்து இறங்குகிறது. கழுதை போனால் அது திரும்ப அவள் முதுகில் ஏறும். கழுதை எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தைப் பேசும் யாரும் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

இதே எத்தியோப்பியாவிலும் அருகிலுள்ள எரித்திரியாவிலும் சோமாலி காட்டுக் கழுதை இன்னும் சில நூறு எஞ்சி நிற்கிறது. வீட்டுக் கழுதையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதையின் ஒரு கிளை அது. சூடான் பக்கம் திரிந்த நூபியக் காட்டுக் கழுதையைப் பல காலமாக யாரும் உறுதியாகக் காணவில்லை.

தோலுக்குப் போன கழுதைகள்

உலகக் கழுதைக் கணக்கைத் தலைகீழாக்கிய நாடு சீனா. 1990-களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 1 கோடியே 10 லட்சம் கழுதைகள் இருந்தன. அன்று உலகில் முதலிடம் சீனாவுக்குத்தான். டிராக்டரும் சிறு சரக்கு வண்டியும் கிராமங்களுக்குள் வந்ததும் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. அது எல்லா நாட்டிலும் நடப்பது. ஆனால் சீனாவில் அதோடு நிற்கவில்லை. இன்று அங்கே இருப்பவை 20 லட்சத்துக்கும் கீழ்.

காரணம் எஜியாவ் என்னும் மருந்துப் பொருள். கழுதைத் தோலை நீரில் நெடுநேரம் காய்ச்சி, இறுகிய பசையைக் கட்டியாக வார்த்து எடுப்பது. ஷான்டோங் மாநிலத்தின் டோங்கே வட்டாரம் இதற்குப் பேர்பெற்றது. இரத்தக் குறைவுக்கும் பெண்களின் உடல் தேறுவதற்கும் நல்லது என்று பழங்காலம் முதல் சீன மருத்துவத்தில் கொடுத்துவந்தார்கள். வசதி படைத்தவர்கள் வாங்கும் பண்டம். சீனாவின் நடுத்தர வர்க்கம் பெருகியதும் அது பரிசுப் பெட்டியிலும் தின்பண்டத்திலும் முகப்பூச்சிலும் புகுந்தது. 2011-இல் ஒளிபரப்பான அரண்மனைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அரசிகள் எஜியாவ் அருந்துவதாகக் காட்டியதும் விற்பனை மேலும் ஏறியது. 2018-இல் சீனா கழுதைத் தோலின் இறக்குமதி வரியை 5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைத்தது.

பிரிட்டனைச் சேர்ந்த ‘டாங்கி சாங்சுவரி’ அமைப்பின் கணிப்புப்படி இந்தத் தொழிலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 59 லட்சம் தோல் தேவைப்படுகிறது. பாகிஸ்தானின் மொத்தக் கழுதைகளையும் ஒரே ஆண்டில் உரித்தால் வரும் அளவு அது. பன்றியோ கோழியோ என்றால் பண்ணை வைத்துப் பெருக்கி ஈடுகட்டலாம். கழுதையின் சினைக்காலம் ஓர் ஆண்டு. ஓர் ஈற்றில் ஒரு குட்டி. பெட்டை முதல் குட்டி போடவே மூன்று நான்கு வயதாகும். இந்தக் கணக்கு மாறாதவரை, பண்ணைகளால் தேவையைச் சமாளிக்க முடியாது. அதனால் தோல் வியாபாரிகள் ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள்.

நைஜர் 2015-இல் 27,000 கழுதைகளை ஏற்றுமதி செய்தது. 2016-இல் ஒன்பது மாதத்துக்குள் 80,000. அந்த வேகத்தைக் கண்டு அரசு அதே ஆண்டில் ஏற்றுமதியைத் தடை செய்தது. அண்டை நாடான புர்க்கினா ஃபாசோவும் தடுத்தது. கென்யா எதிர்த் திசையில் போனது. 2016 முதல் அங்கே ஏற்றுமதிக்கான கழுதைக் கொல்களங்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். 2016 ஏப்ரல் முதல் 2018 டிசம்பர் வரை சுமார் 3 லட்சம் கழுதைகள் வெட்டப்பட்டதாகக் கென்ய வேளாண் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. நாட்டிலிருந்த கழுதைகளில் ஆறில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. 2009 கணக்கெடுப்பில் 18 லட்சமாக இருந்த கென்யக் கழுதைகள் 2019-இல் 12 லட்சத்துக்கு வந்தன. உரிமத்தோடு வெட்டியவை போக, இரவில் திருடி, புதருக்குள் உரித்து, தோலை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைப் போட்டுவிட்டுப் போன கொடுமையும் ஊருக்கு ஊர் நடந்தது. தண்ணீர் சுமந்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் காலையில் எழுந்து பார்த்தால் கொட்டில் காலி. 2020 பிப்ரவரியில் கென்ய அரசு கழுதை வெட்டுவதைத் தடை செய்தது. 2021-இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

எத்தியோப்பியாவில் 2017-இல் பிஷோப்டு நகரில் இப்படி ஒரு கொல்களம் திறக்கப்பட்டது. கழுதை இறைச்சியை அங்கே கிறித்தவரும் உண்பதில்லை, முஸ்லிம்களும் உண்பதில்லை. ஊரார் கொதித்ததில் சில வாரங்களிலேயே அதை மூடினார்கள். எத்தியோப்பியா இன்றும் முதலிடத்தில் இருப்பதற்கு அந்த எதிர்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

நாட்டுக்கு நாடு தடை போட்டால் வியாபாரம் எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்கு நகர்ந்தது. நைஜீரியா அப்படித்தான் கடத்தல் வழியானது. அதனால் 2024 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள், தோலுக்காகக் கழுதை வெட்டுவதை 55 உறுப்பு நாடுகளிலும் 15 ஆண்டுகளுக்கு நிறுத்துவதென்று தீர்மானித்தார்கள். கண்டம் முழுவதும் ஒரு வீட்டு விலங்குக்காக எடுத்த அபூர்வமான முடிவு. ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டத்தில் எழுதினால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

பிரேசிலின் வடகிழக்கிலும் இதே கதைதான், ஆனால் அங்கே முதல் அடி மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. அந்த வறண்ட மாநிலங்களில் 1990-களில் பத்து லட்சத்துக்கு மேல் இருந்த கழுதைகளை, இருசக்கர வண்டி வந்ததும் உரிமையாளர்கள் சாலையில் விட்டுவிட்டார்கள். அப்படித் திரிந்தவற்றைத் தோல் வியாபாரிகள் வாரிக்கொண்டு பாயியா மாநிலத்துக் கொல்களங்களுக்கு ஓட்டினார்கள். இன்று மிஞ்சியிருப்பவை பழைய எண்ணிக்கையில் மிகச் சிறிய பங்கே.

ஆண்டுக்கு ஒரு லட்சம் கூடும் நாடு

பல இடங்களில் இறங்கும்போது பாகிஸ்தானில் ஏறுகிறது. அந்நாட்டின் பொருளாதார ஆய்வறிக்கை ஒவ்வோர் ஆண்டும் கழுதை எண்ணிக்கையை வெளியிடுகிறது. 2023-24-இல் 59 லட்சத்து 38 ஆயிரம். 2024-25-இல் 60 லட்சத்து 47 ஆயிரம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் பல ஆண்டுகளாக இப்படியே கூடிவருகிறது. கராச்சியிலும் லாகூரிலும் சந்தைச் சரக்கையும் கட்டுமானப் பொருளையும் இழுப்பது கழுதை வண்டி. செங்கல் சூளைகளில் பச்சைக்கல்லைக் களத்திலிருந்து சூளைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுதான். டீசல் விலை ஏறும் நாட்டில், ஒரு வண்டியும் ஒரு கழுதையும் இருந்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். இப்போது அங்கும் சீனத் தேவை எட்டிப் பார்க்கிறது. குவாதர் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கான கழுதைக் கொல்களம் அமைந்திருக்கிறது. கென்யாவில் மூன்றே ஆண்டுகளில் நடந்ததைப் பாகிஸ்தானில் திட்டமிடுகிறவர்கள் ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

அதிகம் என்று சொல்லப்படும் இடங்கள்

ஆஸ்திரேலியாவில் கழுதை பூர்வீக விலங்கு அல்ல. 1866-இல் பொதி சுமக்கக் கொண்டுவந்தார்கள். வடமேற்கின் கிம்பர்லி வட்டாரத்தில் கம்பளி மூட்டை ஏற்றிய பெரிய வண்டிகளைக் கழுதைகள் வரிசை வரிசையாகப் பூட்டி இழுத்தன. லாரி வந்தது, கழுதைகளை அவிழ்த்து விட்டார்கள். இயற்கை எதிரி இல்லாத வறண்ட வெளியில் அவை பல்கிப் பெருகின. மேய்ச்சல் நிலத்தைச் சிதைக்கின்றன, நீர்நிலைகளைக் கலக்குகின்றன என்று மேற்கு ஆஸ்திரேலிய அரசு அவற்றைத் தீங்குயிர் என அறிவித்தது. 1978 முதல் 5 லட்சத்துக்கு மேற்பட்ட கழுதைகள் அங்கே சுடப்பட்டிருக்கின்றன, பெரும்பாலும் ஹெலிகாப்டரிலிருந்து. 1994 முதல் கையாளும் முறை இன்னும் கடுமையானது. ஒரு கழுதையின் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டி விடுவார்கள். தனிமை தாங்காத விலங்கு அது, தன் இனத்தைத் தேடிப் போய்ச் சேரும். பின்தொடர்ந்து வருகிறவர்கள் கூட்டத்தைச் சுட்டு, பட்டை கட்டியதை மட்டும் அடுத்த கூட்டத்தைக் காட்டிக்கொடுக்க உயிரோடு விடுவார்கள். யூதாஸ் கழுதை என்று அதற்குப் பெயர்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் காலத்தில் உருவாக்கப்பட்ட போப்புதட்சுவானா என்ற கறுப்பினத்தவர் பகுதியில் 1983-இல் நடந்தது வேறு வகை. மேய்ச்சல் குறைகிறது, கழுதை மிகுதி என்று சொல்லிக் காவலரும் படையினரும் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான கழுதைகளைச் சுட்டார்கள். அவை அநாதையாகத் திரிந்தவை அல்ல. ஏழைகளின் வண்டி இழுத்தவை. அந்த ஊர்களில் அதை இன்றும் படுகொலை என்றே சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் சுரங்கம் தேடிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன கழுதைகள் அரிசோனா, நெவாடா, கலிபோர்னியா பாலைகளில் காட்டு மந்தையாகின. 1971-ஆம் ஆண்டின் சட்டம் காட்டுக் குதிரைகளோடு அவற்றுக்கும் பாதுகாப்பு தந்தது. சுடுவதற்குப் பதிலாகப் பிடித்துத் தத்துக் கொடுக்கிறார்கள். 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தக் கழுதைகள் வறண்ட ஆற்றுப்படுகையில் காலால் ஊற்றுத் தோண்டுவதைப் பதிவு செய்தது. அந்த ஊற்றில் மானும் பறவைகளும் வந்து நீர் அருந்தின. கழுதையைத் தீங்குயிர் என்று மட்டும் எழுதிவைத்த ஏடுகளைத் திருத்தவேண்டிய செய்தி.

நாற்பத்து நான்கு

ஐரோப்பாவில் கழுதை வேலையிழந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கிரேக்கத்தின் சான்டோரினித் தீவில் படிக்கட்டு ஏறச் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கிறது. 100 கிலோவுக்கு மேலோ அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக்கூடாது என்று 2018-இல் விதி வந்தது. பிரான்சின் கதை கவனிக்கத்தக்கது. போய்ட்டு என்ற சடைமயிர்ப் பெருங்கழுதை அங்கே கோவேறு கழுதை பிறப்பிக்கப் பல நூற்றாண்டு வளர்க்கப்பட்ட இனம். 1977-இல் எண்ணிப் பார்த்தபோது தேறியவை 44. பதிவேடு வைத்து, எந்த ஆண் கழுதையை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று பார்த்துப் பார்த்து, அந்த இனத்தைப் பல நூறுக்கு மீட்டார்கள்.

இந்தியாவின் சரிவு

இந்தியாவில் 2012-இல் 3,20,000 கழுதைகள் இருந்தன. 2019-இல் 1,24,000. ஏழே ஆண்டில் 61 விழுக்காடு வீழ்ச்சி. அந்தக் கணக்கெடுப்பில் இவ்வளவு சரிந்த பெரிய கால்நடை வேறில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று தமிழில் எதற்கோ சொல்லும் பழமொழி கழுதைக்கே பலித்திருக்கிறது. ராஜஸ்தானில் 81,000 இருந்தவை 23,000 ஆயின; உத்தரப் பிரதேசத்தில் 57,000 இருந்தவை 16,000; குஜராத்தில் 39,000 இருந்தவை 11,000. சூளைக்குச் சிறு சரக்கு வண்டி வந்தது, சலவைக்கு இயந்திரம் வந்தது, மேய்ச்சல் புறம்போக்கு வீட்டுமனையானது. கழுதை வைத்துப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். அதைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆந்திராவின் சில மாவட்டங்களில் உடல் வலு தரும் என்ற நம்பிக்கையில் சட்டத்துக்குப் புறம்பாகக் கழுதை இறைச்சி விற்பதும் எண்ணிக்கையைத் தின்றது. ஆண்டுதோறும் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி குஜராத்தின் வௌதாவில் கூடும் சந்தை, முதுகில் வண்ணம் பூசிய கழுதைகளுக்குப் பேர்போனது. அங்கும் வரத்து சுருங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் 2012-இல் சுமார் 9,000. 2019-இல் 1,500-க்கும் கீழ். உமணர்கள் உப்பும் வணிகர்கள் மிளகும் கழுதையில் ஏற்றிப் போனதைச் சங்க நூல்கள் சொல்கின்றன. வென்ற நாட்டைக் கழுதை ஏர் பூட்டி உழுததைப் புறநானூறு பேசுகிறது. அண்மைக்காலம் வரை வெள்ளாவி வைத்து வெளுக்க வேண்டிய துணிமூட்டை ஆற்றுத்துறைக்குப் போனது கழுதை முதுகில்தான். குட்டியோடு பெட்டையை ஓட்டிக்கொண்டு வீதிவீதியாக வந்து, வாசலில் கறந்து, பாலாடையில் பச்சைக் குழந்தைக்குக் கழுதைப்பால் புகட்டியவர்களைப் பார்ப்பது இப்போது அரிது. ஒருவரைத் திட்ட மட்டும் அந்தப் பெயர் பயன்படுவது நன்றி கெட்ட செயல்.

பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கையின் மன்னாரில் நிலைமை வேறு. வறண்ட அந்தத் தீவில் உடையவர் இல்லாத கழுதைகள் வீதியோரத்திலும் பேருந்து நிலையத்திலும் கூட்டமாகத் திரிகின்றன. அரபு வணிகர்கள் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை என்பது ஊரார் சொல்லும் வரலாறு. அவர்களே கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரங்களும் அங்கே நிற்கின்றன. வண்டியில் அடிபட்டவற்றுக்கு மருந்து போட மன்னாரில் ஒரு கழுதை மருத்துவ நிலையமும் உண்டு.

காட்டுக் கழுதைக்கு இந்தியாவில் நல்ல காலம். கட்ச் சிறு ரண் உவர்நிலத்தில், 1960-களில் நோய் தாக்கி 362 வரை குறைந்த குர் என்னும் காட்டுக் கழுதை, சரணாலயப் பாதுகாப்பில் 2024-இல் 7,672 ஆக உயர்ந்திருக்கிறது. அதே குஜராத்தில், ஆட்டு மந்தையோடு நடக்கும் மால்தாரிகளின் பொதி சுமக்கும் வெள்ளைநிற ஹலாரிக் கழுதை சில நூறாகிவிட்டது. ஸ்பிட்டி, கச்சி இனங்களோடு ஹலாரியும் தேசியப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. பெயர் ஏறினால் போதாது. மேய்ச்சல் நிலத்தை விட்டுவைத்து, வளர்ப்பவருக்கு உதவித்தொகையும் கழுதைக்கு மருத்துவமும் தந்து, நல்ல ஆண் கழுதைகளை ஊர்தோறும் வைத்துப் பராமரிக்க வேண்டும். பிரான்சு 44-இல் தொடங்கியது. ஹலாரிக்கு அந்த எண் வரும்வரை அரசு காத்திருக்கக் கூடாது.